ஹலீமா லாத்தா ருசி பார்த்த கஞ்சி

திருத்துறைப்பூண்டி
14.6.2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி எல்வினுக்கு அக்கா பாத்திமா மேரி எழுதுவது. மாதா கிருபையால் நானும் உன் அத்தானும் நலம். அத்தானுக்குச் சர்க்கரை மட்டும் இருநூறை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நீயும் ஃபிளோராவும் சுகமா? அவள் முதுகுவலி தேவலையா?

நேற்றுத்தானே பேசினோம், கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ பேசினால் நான் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசிக்கிறேன். ஆகையால் கம்பெனி விஷயம் எல்லாம் இனிமேல் எழுத்தில். சனிக்கிழமை சரக்கு வேனில் மதிவாணன் கொண்டுவருவான். பதிலையும் அவனிடமே கொடுத்துவிடு.

வரும் ரமலானுக்கு நோன்புக் கஞ்சி மிக்ஸ் எண்பது டன் என்றாய். போன ரமலானுக்கு நாம் போட்டது பதினொன்று. அதுவே எப்படி வந்தது என்று உன் முதலீட்டுக்காரர்கள் கேட்டதற்கு, 'அக்காவுக்கு அதிர்ஷ்டம்' என்றாயாம். முதல் வருஷம் கூத்தாநல்லூரில் பன்னிரண்டு வீடு. அதில் இரண்டு வீட்டில் நொய் சரியாகக் குழையவில்லை என்றார்கள். அடுத்த வருஷம் புதிதாக ஒரு வீடும் சேர்க்காமல் அந்தப் பன்னிரண்டையே சரி செய்தேன். மூன்றாம் வருஷம் இரண்டு தெரு. பிறகுதான் அடுத்த ஊர். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது?

அறுத்து ஒரு வருஷமாவது கிடக்காத நெல்லை நொய்யாக்கினால் கஞ்சி பசையாகிவிடும். நம்மிடம் இருக்கும் பழைய நெல் முப்பது டன் மிக்ஸுக்கு வரும். ஆகையால் முப்பது போதும்.

அப்புறம் ஹலீமா லாத்தா. இந்தப் பக்குவம் அவருடையது என்று சென்னையில் யாரிடமாவது சொன்னாயா? வெந்தயம் எத்தனை, பாசிப்பருப்பு எத்தனை என்று கூடப்பிறந்த அக்கா மாதிரி காட்டிக்கொடுத்தவர் அவர். "ஒன் பேருல பாதி எங்க பேருதானே, தப்பாப் போடமாட்டே" என்று சிரிப்பார். வருஷா வருஷம் நோன்புக்கு முந்தின மாதம் கூத்தாநல்லூரிலிருந்து நம் வீட்டுக்கு வந்து, முதல் அரைப்பைத் தன் சட்டியிலேயே காய்ச்சி, ருசி பார்த்து, "பிஸ்மில்லா, கட்டு" என்பார். அதன் பிறகுதான் பாக்கெட் ஒட்டுவோம். அந்த ஊரில் நம்மிடம் யாரும் சர்டிபிகேட் கேட்டதில்லை. "ஹலீமா பாத்தாச்சா?" என்று மட்டும்தான் கேட்பார்கள். அவருக்குத் தெரியாமல் ஒரு கடுகு கூட மாறக் கூடாது. மற்றதில் உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிறு பூசையை விடாதே.

அக்கா


சென்னை
28.6.2025

அன்பு அக்காவுக்கு எல்வின். நாங்கள் நலம். ஃபிளோராவுக்கு நாற்காலி மாற்றினோம், வலி குறைந்திருக்கிறது. உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். என் ஆபீசைப் பார்த்துக்கொள்கிற செம்மொழி, "சார், உங்களுக்கு லெட்டர்லாம் வருமா?" என்று கேட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டாள்.

அக்கா, நீ சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒன்பது வருஷத்தில் பதினொரு டன். இதே நடையில் எண்பதுக்குப் போக எனக்குக் கிழடு தட்டிவிடும். அதற்குள் ஒரு பெரிய கம்பெனி நம் பாக்கெட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்து, பாதி விலைக்குக் கடை கடையாக இறக்கிவிடும். அன்றைக்கு உன்னிடம் வேலை செய்யும் பதினாலு பேரும் வீட்டில்தான் உட்கார வேண்டும். சின்னதாகவே இருந்தால் பத்திரம் என்று நீ நினைக்கிறாய். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உன் முழங்காலையும் நினைத்துப் பார். என்னைக் கேரியரில் வைத்து ஸ்கூலுக்கு ஆறு மைல் மிதித்த முழங்கால் அது. இன்னும் எத்தனை வருஷம் களத்தில் நின்று நெல் துழாவுவாய்?

ஹலீமா லாத்தா ருசி பார்க்காமல் ஒரு லாரியும் கிளம்பாது. இது சத்தியம். போதுமா?

அத்தானுக்கு என் அன்பு. மாம்பழத்தை அவர் கண்ணில் காட்டாதே.

எல்வின்


திருத்துறைப்பூண்டி
30.8.2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு அக்கா. நேற்று வேளாங்கண்ணிக் கொடியேற்றம். கூட்டத்தில் அத்தானின் செருப்பு ஒன்று போய்விட்டது, மற்றொன்றை விடாமல் கையில் தூக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். உங்கள் இருவர் பேரிலும் மெழுகுதிரி ஏற்றினேன். சுகம்தானே?

நீ அனுப்பிய திட்டத்தை அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். எட்டு வகுப்பு படித்தவளுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்? ஒரே வருஷத்தில் ஆறு மாநிலம், புது யூனிட், மெஷின் உலர்த்தல், புது நெல். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன் தம்பி கஞ்சி காய்ச்சுறானா, ராக்கெட் வுடுறானா?" என்று கேட்கிறார்.

வளர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வழியையும் கேள். இந்தத் தை அறுவடையில் சுற்று வட்டாரத்தில் இருபது விவசாயிகளிடம் முன்பணம் கொடுத்து நெல்லைப் பேசி வைப்போம். ஒரு வருஷம் கிடக்கட்டும். அதற்குள் இங்கே பதினாலு பெண்களை முப்பது ஆக்குவோம். பழையவள் ஒருத்திக்குப் பக்கத்தில் புதியவள் ஒருத்தி நின்று ஒரு முழு நோன்புக் காலம் வறுத்துப் பழகட்டும். அடுத்த ரமலானுக்கு திருச்சி மட்டும். குறை சொல்கிற வீட்டுக்கு நானே போவேன். அது தீர்ந்த பிறகு மதுரை. கையில் மிஞ்சுகிறதை வைத்துத்தான் அடுத்த அடி, அடுத்தவர் பணத்தில் வேண்டாம். அடுத்தவர் பணம் வந்தால் அவர்கள் தேதியும் கூடவே வந்துவிடும். நெல்லுக்கு அந்தத் தேதி தெரியாதே.

யோசித்துச் சொல். ஃபிளோராவிடம் கேட்டதாகச் சொல்.

அக்கா


சென்னை
11.10.2025

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதம், மன்னித்துக்கொள். இரண்டு மாதத்தில் பதினாறு தடவை விமானம் ஏறினேன்.

உன் வழி நல்ல வழிதான். ஆனால் பணம் வந்தாயிற்று. திருவள்ளூர் பக்கம் யூனிட் தயார். நெல்லுக்குப் பதில் நொய்யாகவே வாங்கிவிடுகிறோம். மசாலா ஒரு கம்பெனியில் இருந்து ரெடியாக வரும். வறுக்க வேண்டாம், இடிக்க வேண்டாம். கறி போடாமலே கறி போட்ட ருசி வருகிற மாதிரி செய்து தருகிறார்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஐந்து நிமிஷத்தில் கஞ்சி.

அதனால் அங்கே பதினாலு பேர் தேவைப்படாது. பாக்கெட் போட ஆறு பேர் போதும். நீயே சொல்லிவிடு அக்கா. நான் சொன்னால் வருத்தப்படுவார்கள்.

எல்வின்


திருத்துறைப்பூண்டி
22.11.2025

சேசு மரி சூசை துணை

தம்பிக்கு அக்கா. இங்கே நாலு நாளாக அடை மழை. சம்பா முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது. அத்தானுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் சுகத்துக்கு எழுது.

எட்டுப் பேரிடமும் சொல்லிவிட்டேன். யாரை நிறுத்துவது என்று நானே பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் சம்பாதிக்கிற வீடாகப் பார்த்து ஏழு பேர் தேறினார்கள். எட்டாவது ஆளுக்கு அப்படி வீடு இல்லை. அம்சம் பெயரைச் சொன்னேன். முதல் வருஷத்திலிருந்து என்னோடு அடுப்படியில் நின்றவள். "நான் என்னக்கா தப்பா வறுத்தேன்?" என்று கேட்டாள். நீ சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று எழுதியிருந்தாய். நான் சொல்லியும் வருத்தப்பட்டார்கள்.

கறி ருசி எங்கிருந்து வருகிறது? கறி போடுகிற வீட்டில் அவர்களே வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஒன்பது வருஷமாக நம் பாக்கெட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அந்த மசாலாவில் என்ன இருக்கிறது என்று சாமான் சாமானாக எழுதி அனுப்பு. ஹலீமா லாத்தாவிடம் காட்ட வேண்டும்.

அக்கா


மேரி அடுப்பு உணவுகள், சென்னை
10.1.2026

மதிப்பிற்குரிய திருமதி பாத்திமா மேரி அவர்களுக்கு,

தங்கள் நலம் விழைகிறோம். தங்களின் நவம்பர் 22 கடிதமும் டிசம்பர் மாதக் கடிதங்கள் இரண்டும் கிடைக்கப்பெற்றோம். மசாலாக் கலவையின் விவரங்கள், வழங்கும் நிறுவனத்தின் வணிக ரகசியம் என்பதால் பகிர இயலவில்லை. ஜனவரி 24 அன்று திருமதி ஹலீமா அவர்கள் தங்கள் இல்லத்தில் கஞ்சியை ருசி பார்ப்பதைப் படம்பிடிக்கக் குழு ஒன்று வரும். புது யூனிட்டின் பாக்கெட்டுகள் அதற்கு முன்பே தங்களுக்கு வந்துசேரும்.

எல்வின் அவர்களுக்காக,
செம்மொழி

அக்கா, கீழே இது நானே கையால எழுதுறது. தாங்கள் கீங்கள்னு போடச் சொன்னது சார் இல்ல, புதுசா வந்த மேனேஜர். கோவிச்சுக்காதீங்க. உங்க லெட்டரை சார் மேசையில வச்சுட்டுத்தான் இருக்கேன். அத்தான் உடம்பு எப்படி இருக்கு?


திருத்துறைப்பூண்டி
31.1.2026

சேசு மரி சூசை துணை

தம்பிக்கு அக்கா. நாங்கள் நலம். அறுப்பு தொடங்கிவிட்டது. மழையில் போனது போக மீதி.

படம் எடுத்துப் போனார்கள். நடந்ததை உனக்கு எழுதிவிடுகிறேன். ஹலீமா லாத்தா தன் சட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே வந்துவிட்டார். உன் பாக்கெட் வரவில்லை. வேன் விழுப்புரத்தில் நின்றுவிட்டது என்று மதிவாணன் போன் செய்தான். வந்த மனுஷியை வெறும் வாயோடு எப்படி அனுப்புவது? அறுபத்தெட்டு வயதில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அம்சத்தைக் கூப்பிட்டு, போன வருஷ நொய்யில், வீட்டு மசாலாவைக் கையோடு வறுத்து இடித்து, அதைக் கொடுத்தேன். யூனிட் சரக்கு இன்னும் வரவில்லை, இது என் அரைப்பு என்று லாத்தாவிடமும் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே மேரி, நீ சொல்லித்தானே அங்கயும் போடுறாங்க" என்றார். ஆமாம் என்றேன்.

ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கேமராவைப் பார்த்து, "பிஸ்மில்லா, கட்டு" என்றார். படக்காரன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். "ஒரு தடவ சொன்னாப் போதும் தம்பி, இது என்ன ஏலமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

எல்வின், அவர் ருசி பார்த்தது உன் சரக்கை அல்ல. பாக்கெட் வந்ததும் அவர் மறுபடி பார்க்கட்டும். அதுவரை அந்தப் படத்தை யாருக்கும் காட்டாதே.

அக்கா


திருத்துறைப்பூண்டி
21.2.2026

சேசு மரி சூசை துணை

எல்வினுக்கு அக்கா. சுகம் கேட்க இன்று நேரமில்லை, மன்னித்துக்கொள்.

இந்த வருஷம் புதன்கிழமை எங்களுக்குத் திருநீறு பூசித் தவக்காலத் தொடக்கம், மறுநாளே அவர்களுக்கு முதல் நோன்பு. உன் பாக்கெட் வியாழக்கிழமைதான் என் கைக்கு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே கூத்தாநல்லூர்க் கடைகளுக்குப் போய்விட்டதாம். லாத்தாவின் படமும் ஊர் முழுக்க எல்லார் போனிலும் ஓடுகிறதாம்.

நேற்று, தவக்காலத்தின் முதல் வெள்ளி. உச்சிவரை நோன்பு இருந்து முடித்து ஒரு பாக்கெட்டைக் காய்ச்சினேன். வாயில் வைத்ததும் கறி. வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத வீட்டில், என் நாக்கில் கறி. அத்தான் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடி, இன்னைக்குப் போயி?" என்றார். துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன்.

இன்று காலை மதிவாணனிடம் கேட்டேன். வேனில் விரிப்பாகப் போட்டிருந்த மசாலாச் சாக்கைக் காட்டினான். 'மட்டன் சுவையூட்டி' என்று போட்டிருக்கிறது. எதிலிருந்து எடுத்தது என்று இல்லை. ஹலால் முத்திரை இல்லை. ஒரு நம்பர்தான் இருக்கிறது.

இது என்ன? ஆட்டிலிருந்தா, வேறு எதிலிருந்தாவதா? ஹலால் முறைப்படி வந்ததா? இன்று மூன்றாம் நோன்பு. சாயந்திரம் நோன்பு திறக்க அந்த ஊரில் இதைத்தான் குடிக்கப்போகிறார்கள். போனை எடு. எடுக்காவிட்டால் இன்றே பதில் எழுது.

அக்கா


சென்னை
23.2.2026

என் அக்காவுக்கு,

கையால் எழுதி எத்தனை மாதம் ஆயிற்று. போனில் இதைப் பேசக் கூடாது என்று வக்கீல் சொல்கிறார். அதனால் தனிக் கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அது எதிலிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது. கம்பெனிக்காரன் தாவரம்தான் என்கிறான், காகிதம் தர இழுத்தடிக்கிறான். ஹலால் சர்டிபிகேட்டுக்கு நவம்பரிலேயே மனு போட்டேன். வந்துவிடும் என்று நம்பித்தான் பாக்கெட்டை அச்சடித்தோம். ரமலான் வருஷத்துக்கு ஒரு தடவைதான் அக்கா. தவறவிட்டால் எண்பது டன்னும் குப்பை. படத்தை நிறுத்தச் சொல்லி நீ எழுதியதைப் படித்தேன். அதற்குள் விளம்பரத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

மார்ச் முப்பத்தொன்றில் அடுத்த முதலீடு முடிகிறது. இப்போது ஒரு வார்த்தை வெளியே போனால் இருநூறு பேருக்குச் சம்பளம் கிடையாது. பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். பெருநாள் முடியட்டும், நானே ஹலீமா லாத்தா வீட்டுக்கு வந்து காலில் விழுகிறேன். நீ நிறுத்தின எட்டுப் பேரையும் ஏப்ரலில் திரும்ப எடுக்கிறேன், அம்சத்தை முதலில். ஒரே ஒரு மாதம் நீ பேசாமல் இரு. எனக்காக இதுவரை எவ்வளவோ செய்திருக்கிறாய்.

உன் எல்வின்


திருத்துறைப்பூண்டி
14.3.2026

சேசு மரி சூசை துணை

எல்வினுக்கு அக்கா எழுதுவது. அத்தான் நலம். நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஆனால் நீ கேட்டதைச் செய்தேன். அதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லிவிடுவது என்றுதான் பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி கூத்தாநல்லூருக்குப் போனேன். கிளம்பும்போது அம்சம் வாசலில் நின்றாள். "ஏப்ரல்ல கூப்புடுவீங்களாமே, செம்மொழி போன் பண்ணுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையோடுதான் பஸ் ஏறினேன். போய்ச் சேரும்போது நோன்பு திறக்கிற நேரம். லாத்தாவின் மருமகள் தஹ்மீனா என்னைப் பார்த்ததும் துபாயில் இருக்கும் தன் வீட்டுக்காரர் பாசித்துக்கு வீடியோ கால் போட்டு, "இவங்கதான் மேரியக்கா" என்று காட்டினாள். பள்ளிவாசலுக்கே நானூறு கிலோ வாங்கியிருக்கிறார்களாம், லாத்தா பார்த்தது என்பதால். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் கொடுத்து, ஒரு கிண்ணம் கஞ்சியை நீட்டி, "ஒன் கஞ்சிதான், குடி" என்றார் லாத்தா.

குடித்தேன்.

"இந்த வருசம் என்னமோ வேற மாதிரி இருக்கே மேரி? அன்னைக்கு நான் குடிச்சது இப்படி இல்லையே?" என்று கேட்டார்.

"மெஷின்ல வறுத்தது லாத்தா" என்றேன்.

உடனே நம்பிவிட்டார். "அதானே பாத்தேன்" என்று மருமகளிடம் திரும்பி, "நீ கறியக் கிறியப் போட்டுட்டியோன்னு நெனச்சேன்" என்று சிரித்தார்.

அதன் பிறகு நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் போயிற்று. காலையில் ஜெபமாலையை எடுத்தால் இரண்டாவது மணியில் கை நின்றுவிடும். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார், "போய்ச் சொல்லிட்டு அப்புறம் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மார்ச் பதினொன்றாம் தேதி போய்ச் சொன்னேன்.

லாத்தா முற்றத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். ஒன்றையும் விடாமல் சொன்னேன். கை நிற்கவில்லை, கீரையை உருவிக்கொண்டே கேட்டார்.

"ஹராம்னு தெரியுமா?"

"தெரியாது லாத்தா. எதுன்னே தெரியாது."

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

"மூணாம் நோன்பு."

"இன்னைக்கு இருபத்தொண்ணு" என்றார். அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டு, "அப்ப இங்க வந்து குடிச்சியே, அன்னைக்கே தெரியும்?"

"தெரியும்."

"மெஷின்னு சொன்னே."

அவர் கீரைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பள்ளிவாசலுக்குச் சொல்லியனுப்ப எழுந்தார். திட்டவில்லை. தஹ்மீனாதான் அழுதாள். "நாலு தெருவுக்கும் நீங்கதானே மாமி வாக்குக் கொடுத்தீங்க, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போவீங்க?" என்றாள். "இதே மூஞ்சியத்தான் வச்சுக்கிட்டுப் போவேன்" என்றார் லாத்தா.

வீடு வீடாக அவரே போய்ச் சொன்னாராம். நோன்போடு, அந்த வெயிலில்.

உனக்குச் சொல்லாமல் போய்ச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உனக்குச் சரி சொல்லிவிட்டு இத்தனை நாள் இருந்ததற்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா


சென்னை
18.4.2026

அக்காவுக்கு,

நலம். ஃபிளோராவும் நலம். உங்கள் இருவருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து, தாமதமாக.

பரிசோதனை முடிவை இணைத்திருக்கிறேன். முழுக்க முழுக்கத் தாவரம். சோயாவும் ஈஸ்டும். ஒரு துளிகூட மாமிசம் இல்லை. யாருடைய நோன்பும் பழுதாகவில்லை. ஹலால் சர்டிபிகேட்டும் ஏப்ரல் ஆறாம் தேதி வந்துவிட்டது. ஒன்றுமே இல்லாத ஒரு விஷயத்துக்கு நீங்கள் ஊரைக் கூட்டிவிட்டீர்கள். இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் பெருநாளே முடிந்திருக்கும். இருபத்திரண்டு டன் திரும்பி வந்தது.

முதலீட்டுக்காரர்கள் போகவில்லை, அது மட்டும் நல்லது. ஆனால் நிர்வாகத்தில் நான் சொல்வதுதான் முடிவு என்பது இனி இல்லை. திருத்துறைப்பூண்டிப் பிரிவை மூட முடிவு செய்திருக்கிறார்கள். ஆறு பேருக்கும் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துவிடுவோம். நிறுத்திய எட்டுப் பேரை எடுப்பது இப்போது முடியாது. உங்களுக்கு 'நிறுவன ஆலோசகர்' என்று பதவி கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள், மாதாமாதம் பணம் வரும். வேலை ஒன்றும் இருக்காது. அடுத்த ரமலானுக்கு எட்டு மாநிலம், நூற்று ஐம்பது டன்.

இந்தக் காகிதத்தை ஹலீமா லாத்தாவிடம் காட்டுங்கள். அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

எல்வின்


திருத்துறைப்பூண்டி
2.5.2026

சேசு மரி சூசை துணை

தம்பி எல்வினுக்கு அக்கா எழுதுவது. அத்தானும் நானும் சுகம். ஃபிளோராவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் தூங்கு. மதிவாணன் சொன்னான், சென்னையில் உன்னைப் பார்த்ததாகவும் ரொம்ப இளைத்திருக்கிறாய் என்றும்.

பதவி வேண்டாம். வேலை இல்லாமல் வருகிற பணத்தை நான் எந்தக் கணக்கில் எழுதுவேன்? அந்தப் பணத்தை அம்சத்துக்குக் கொடு என்று கேட்டால் நிர்வாகம் சம்மதிக்காது என்பாய். ஆகையால் கேட்கவில்லை. அவளுக்கு மன்னார்குடியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று கூத்தாநல்லூர் போனேன். வழி நெடுக பஸ்ஸில் அதைத்தான் படித்துக்கொண்டே போனேன். சோயாவும் ஈஸ்டும். லாத்தா கண்ணாடி போட்டு, தஹ்மீனாவை விட்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ், புள்ளைங்க நோன்பு பழுதாகல" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மையான சந்தோஷம். எனக்கும் அப்படியே நெஞ்சு லேசாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

டீ கொண்டுவரச் சொன்னார். நாற்காலியை எடுத்துப் போடச் சொன்னார். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் நான் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்தவள். டீ குடித்து முடித்ததும் காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டிவிட்டுக் கேட்டார்:

"சொல்லு மேரி, என்ன விஷயமா வந்தே?"

"இதக் காட்டத்தான் லாத்தா" என்றேன்.

"பாத்தாச்சே" என்றார். கோபமாக இல்லை. கம்பெனியிலிருந்து வந்த ஒருவரிடம் பேசுகிற மாதிரி, மரியாதையாக.

ஒன்றுமே இல்லாத விஷயத்துக்கு என்று எழுதியிருந்தாய். பொடியில் ஒன்றுமில்லை, சரி. மூன்றாம் நோன்பிலிருந்து இருபத்தொன்று வரை எனக்கும் உனக்கும் அது தெரியாது. தெரியாமலே குடிக்கவிட்டோம். அதற்குப் பரிசோதனை எதுவும் இல்லை, எல்வின். லாத்தாவுக்கு அது தெரிகிறது. உனக்குத்தான் எட்டு மாநிலம் வளர்ந்தும் தெரியவில்லை.

சரி லாத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தேன். பஸ் இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான், அது அவருக்கும் தெரியும். வாசல்வரை வந்து வழியனுப்பினார். இருந்துட்டுப் போயேன் என்று சொல்லவில்லை.

அக்கா
பாத்திமா மேரி